தெரிந்ததால் கழித்த புள்ளி

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் படிவங்களை வாசித்துப் புள்ளி போடும் வேலைக்கு இந்த ஆண்டு உங்களில் சிலர் புதிதாக வருகிறீர்கள். எப்படிப் போடுவது என்பதைக் கல்லூரி ஒருநாள் பயிற்சியில் சொல்லித்தரும். அதை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் லண்டனில் அந்த வேலையைச் செய்தேன். கடைசி ஐந்து ஆண்டுகள் தேர்வுக்குழுவின் தலைவனாக இருந்தேன். அந்தக் காலத்தில் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும், அதைப் பிடித்துத் திருத்திய ஒருவரைப் பற்றியும் எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுத அவர் அனுமதிக்கவில்லை. "நீங்க பண்ணதை எழுதுறதுக்கு என் பேரு எதுக்கு?" என்று கேட்டார்.

என் கதையில் தொடங்கவேண்டும், ஏனென்றால் தவறின் வேர் அங்கேதான் இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. சோதனை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் எந்த மொழியில் எழுதினாய் என்பதைப் பொறுத்து வெட்டுப்புள்ளி மாறியது. தமிழில் எழுதியவர்கள் கூடுதலாக எடுக்கவேண்டியிருந்தது. எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. பிறகு லண்டனுக்கு வந்து, உடல் இயங்கும் விதத்தை ஆராயும் உடற்றொழிலியல் படித்து முனைவர் பட்டம் பெற்றேன், அதையே மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கும் விரிவுரையாளனானேன். 'தான் ஏறாத பஸ்ஸுக்குக் கொண்டக்டர் வேலை' என்று என் மனைவி கேலி செய்வாள்.

அந்தக் காயம் எனக்குள் ஒரு கொள்கையாக இறுகிப்போயிருந்தது. புள்ளி என்றால் புள்ளி. அதற்கு மேலே எவரும் கை வைக்கக்கூடாது. எனக்கு வேண்டியவர்களுக்காக நானும் வைக்கக்கூடாது.

நான் தேர்வுக்குழுவில் இருக்கிறேன் என்ற செய்தி நம்மவர்களிடையே பரவியதும் தொலைபேசி ஓயவில்லை. லண்டனின் பிளேஸ்டோவிலிருந்தும் ஹவுன்ஸ்லோவிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் அழைத்தார்கள். "அண்ணை, எங்கட பிள்ளையும் மெடிசினுக்குப் போட்டிருக்கு. ஒருக்காப் பாருங்கோவன்" என்பார்கள். "பாக்க ஏலாது" என்று வைத்துவிடுவேன். அப்படி வைக்கும்போது எனக்கு ஒரு பெருமை வரும். அந்தப் பெருமையை அப்போதே சந்தேகித்திருக்கவேண்டும்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், கணினியில் எழுதும் திறனறி தேர்வு ஒன்றைப் பயன்படுத்துவதா என்ற கேள்வி எங்கள் குழுவுக்கு வந்தது. விண்ணப்பித்த பிள்ளைகள் பெரும்பாலோரின் பள்ளிப் பெறுபேறுகள் உச்சத்திலேயே இருந்தன. அவர்களைப் பிரித்தறிய வேறோர் அளவு தேவைப்பட்டது. சிலர் தயங்கினார்கள். பணம் கட்டிப் பயிற்சி எடுக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அது உதவும் என்றார்கள். அது நியாயமான கவலை. ஆனால் நான் எழுந்து என் கதையைச் சொன்னேன். கணினிக்கு விண்ணப்பதாரியின் பெயரும் தெரியாது, தோலின் நிறமும் தெரியாது என்று முடித்தேன். அதன்பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தேர்வு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் அனுமதி அலுவலகத்தின் பொறுப்பாளர். மலேசியத் தமிழர், கிள்ளானில் பிறந்தவர். அவருக்கும் சொந்த நாட்டில், இனவாரியாக இடம் ஒதுக்கும் முறையால், கேட்ட படிப்புக் கிடைக்கவில்லை. மாணவியாக லண்டனுக்கு வந்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டவர். வயதில் எனக்கு ஓரிரண்டு ஆண்டு இளையவர், பதவியில் இரண்டு படி கீழே. எல்லாரும் போனபிறகு குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டே தமிழில் பேசினார்.

"நல்லாப் பேசினீங்க டாக்டர். எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

"நடந்ததைத்தானே சொன்னனான்."

"மார்க்குக்கு நிறம் இல்லைன்னீங்க. சரி. மார்க் போடுற கைக்கு?"

"கை எங்கை போடுது? கணினியெல்லோ போடுது."

"கணினி பாதிதான் போடுது. மிச்சப் பாதி நம்ம கைதானே?"

அவர் சொன்னது உண்மை. திறனறி தேர்வில் எடுத்த புள்ளியோடு, விண்ணப்பதாரி தன்னைப் பற்றி எழுதும் ஒரு பக்கத்துக்கு நாங்கள் போடும் புள்ளியையும் கூட்டுவோம். கூட்டுத்தொகை கோட்டுக்கு மேலே இருந்தால் நேர்முகம், கீழே இருந்தால் மறுப்புக் கடிதம். அந்தப் பக்கத்தில் 'பிறருக்காகச் செய்த தொடர்ந்த பணி' என்றொரு தலைப்பு இருந்தது; அதற்கு நான்கு புள்ளிகள். ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு பேர் வாசிப்பார்கள். இதில் என்ன பிழை வந்துவிடும் என்று நினைத்து நான் சிரித்துவிட்டு எழுந்துபோனேன்.

அந்த ஆண்டே பிழை வந்தது. குழுவில் ஒரு மூத்த அறுவை மருத்துவர் இருந்தார்; வெள்ளையர், கலகலப்பானவர், நல்ல மனிதர். ஒரு கூட்டத்தில் தமிழ்ப் பெயருள்ள படிவம் ஒன்றைத் தூக்கிப்பிடித்தார். "இந்தப் பிள்ளைகள் எல்லாரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறார்கள், வைத்தியசாலையில் பெரியவர்களுக்கு மொழிபெயர்க்கிறார்கள். இது பெரிய காரியமா, இல்லையா? உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் சொல்லுங்கள்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தமிழ் வீட்டில் அது சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பதைப் போல. என் மகளும் செய்தாள். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில்தான் அதற்குச் சமூகசேவை என்று பெயர் வரும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. நான் யார் பக்கமும் சாயாதவன் என்பதற்குக் கிடைத்த நற்சான்றிதழாக அதை எடுத்துக்கொண்டேன். வாசிப்பவர்களுக்கான கையேட்டில் அன்று ஒரு வரி ஏறியது: தத்தம் சமூகத்தில் எல்லாப் பிள்ளைகளும் வழக்கமாகச் செய்பவற்றுக்கு ஒரு புள்ளிக்கு மேல் கொடுக்கவேண்டாம். எந்தச் சமூகத்தின் பெயரும் அதில் இல்லை.

அதைத் தட்டச்சு செய்யுமுன் பொறுப்பாளர் என் அறைக்கு வந்தார். "இது வேணுமா டாக்டர்?"

"போடுங்கோ. நாளைக்கு ஒருத்தரும் நான் எங்கட ஆக்களுக்கு இடம் குடுத்தனான் எண்டு சொல்லக்கூடாது."

அவர் தாளை எடுத்துக்கொண்டார். பிறகு போய்த் தட்டச்சு செய்தார். அந்த வரி மூன்று ஆண்டுகள் கையேட்டில் இருந்தது.

மூன்றாம் ஆண்டு, மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மறுப்புக் கடிதங்கள் வெள்ளிக்கிழமை போகவேண்டும். கடைசி நேர்முக நாள் அடுத்த வாரம். பொறுப்பாளர் இரண்டு படிவங்களோடு வந்தார். பெயர்களின் மேலே மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டியிருந்தார்.

"இந்தப் பையன் எங்க போயிருக்கான்?"

வாசித்தேன். தென் அமெரிக்காவில் ஓர் அனாதை இல்லத்துச் சுவருக்கு வர்ணம் பூசப் போயிருந்தான்.

"எவ்வளவு நாள்?"

"மூண்டு கிழமை. இருபத்தொரு நாள்."

"இந்தப் பொண்ணு?"

"சனிக்கிழமையிலை ஆறு வருசம் சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சிருக்கிறா. பன்னிரண்டு வயசிலையிருந்து அயலிலை உள்ளவைக்கு ஆஸ்பத்திரியிலை மொழிபெயர்த்திருக்கிறா."

"யாருக்கு நாலு போட்டிருக்கீங்க? யாருக்கு ஒண்ணு?"

இரண்டும் என் கையெழுத்து. பையனுக்கு நான்கு, பெண்ணுக்கு ஒன்று. இரண்டாவது வாசிப்பாளரும் கையேட்டைப் பார்த்து அவளுக்கு ஒன்றே போட்டிருந்தார்.

"அது வேறை. அவன் தானா விரும்பிப் போனவன். இவவைத் தாய் தகப்பன் பிடிச்சு அனுப்பியிருப்பினம்."

"ஓஹோ. பையன் பிளேன் டிக்கெட்டை அவனேதான் வாங்கியிருப்பான், இல்ல? அந்த அனாதை இல்லத்தை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் தெரியும்."

"ஓம்."

"தெரியாததுக்கு நாலு. தெரிஞ்சதுக்கு ஒண்ணு. இதான் டாக்டர் உங்க கணக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். ஆங்கிலத்தில் எளிமையாக எழுதியிருந்தாள்: 'எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்வதா, கொஞ்சம் குறைத்துச் சொல்வதா என்று ஒருமுறை எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். அந்த அன்ரி நெடுநேரம் என் கையை விடவில்லை.'

அந்த வரியை நான் முதல்முறையாக அப்போதுதான் வாசித்தேன். அதற்கு மேலேயே என் பேனா 'ஒன்று' என்று புள்ளி போட்டிருந்தது. 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லைக் கண்டதும் கண் அடுத்த தலைப்புக்குத் தாவியிருக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு நான்காம் ஆண்டில் நாங்கள் பாடுபட்டுக் கற்பிக்கும் ஒன்றை, கெட்ட செய்தி சொல்லும் விதத்தை, இவள் வீட்டுக்கு அடுத்த வீட்டு அன்ரியின் கட்டிலருகில் நின்று தானாகக் கற்றிருந்தாள். நான் அதைக் கோப்பை கழுவுவதோடு சேர்த்துவிட்டேன்.

கூட்டுத்தொகையைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி கீழே நின்றது. திறனறி தேர்வில் அவள் எடுத்தது நல்ல புள்ளி; பயிற்சி வகுப்பு எதற்கும் போனவளாகத் தெரியவில்லை. கணினி அவளிடம் நேர்மையாக நடந்திருந்தது. அந்த நேர்மையான எண்ணோடு என் கைப்புள்ளியைக் கூட்டியதும், வந்த தொகை முழுவதும் கணினி போட்டதைப் போலத் தோற்றம் கொண்டுவிட்டது. கூட்டல் குறிக்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது, கவனியுங்கள்.

"இவவைக் கூப்பிடுங்கோ. நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன்" என்றேன்.

"இவளை மட்டுமா?"

"ஓம்."

"அதுக்குப் பேரு சிபாரிசு டாக்டர். என் கண்ணுல பட்ட ஒரே காரணத்துக்காக இவ உள்ள வரணுமா? பெட்டிக்குள்ள மிச்சம் பேரு இருக்காங்களே, அவங்க?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"நாளைக்கு மீட்டிங் கூப்பிட்டிருக்கேன். அந்த வரி எப்படி வந்துச்சுன்னு நீங்களே சொல்லணும். டைப் பண்ணது நான்னு நானும் சொல்றேன்."

என்னைக் கேட்காமலே கூட்டியிருந்தார். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, அவர் மேல் எனக்கிருந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை குழுவின் முன் சொன்னேன். எனக்கு அந்தப் பிள்ளைகளின் வீடுகளைத் தெரியும் என்ற நினைப்பில் அவர்கள் எழுதியதை வாசிக்காமல் விட்டேன், உங்களையும் அப்படியே செய்யவைத்தேன், ஒரு சிரிப்புக்காகத்தான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்றேன். இந்த முறை எவரும் சிரிக்கவில்லை. அறுவை மருத்துவர்தான் முதலில் பேசினார். "வெள்ளிக்கிழமைக்குள் வேறென்ன செய்யமுடியும்? பெயரைப் பார்த்து, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு புள்ளி சேர்த்துவிடுவோம். அரைமணி நேர வேலை" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருந்தது. அரைமணி நேரத்தில் என் பாவம் கழுவப்பட்டுவிடும். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

குறிப்பு எழுதுபவருக்குக் கூட்டத்தில் பேச உரிமையில்லை. பொறுப்பாளர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் பேசினார். "டாக்டரும் நானும் பெயரைப் பார்த்துப் புள்ளியை மாற்றும் நாடுகளிலிருந்து வந்தவர்கள். அங்கே எங்களுக்குக் கழித்தார்கள், இங்கே கூட்டுகிறேன் என்கிறீர்கள். சட்டம் அதற்கு இடம் தராது. அது ஒருபுறம் இருக்கட்டும். கூட்டினாலும் அந்தப் பிள்ளைகள் எழுதியதை நீங்கள் இன்னும் வாசித்தபாடில்லை."

அவர் கேட்டது இதுதான். அந்த வரியைக் கையேட்டிலிருந்து அடித்துவிடுவது. மறுப்புக்கு ஒதுக்கிய படிவங்கள் அனைத்தையும், எந்த இனத்துப் பிள்ளையானாலும், பெயரை மூடி, அந்த ஒரு தலைப்பை மட்டும், முன்பு அதை வாசிக்காத ஒருவர் மறுபடி வாசிப்பது. வெள்ளி மதியத்துக்குள் முடிப்பது. தலைவர் ஒரு படிவத்தையும் வாசிக்கக்கூடாது.

"முடியாத காரியம்" என்றார் அறுவை மருத்துவர்.

"ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்து வெளியே அடுக்கியிருக்கிறேன்" என்றார் அவர்.

கதவைத் திறந்து பார்த்தோம். நடைபாதையில், சுவரோரமாக, ஒவ்வொருவர் பெயரும் எழுதிய பெட்டிகள். முந்தைய நாள் எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு ஒற்றை ஆளாக அடுக்கியிருக்கிறார். அறுவை மருத்துவர் தன் பெயரிட்ட பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள். அந்த மனிதரையும் நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

எனக்கென்று பெட்டி இல்லை. பொறுப்பாளர் மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டு ஒன்றை என் கையில் தந்தார். "நீங்க பேரை மூடுங்க டாக்டர். படிச்சுக்கிட்டே மூடாதீங்க." இரண்டு நாள் பெட்டி பெட்டியாகப் போய், அவர்கள் வாசிக்குமுன் ஒட்டுத்தாள் ஒட்டினேன். தலைவனாக இருந்த காலத்தில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை அதுதான்.

வெள்ளி மதியத்துக்குச் சற்று முன்பு முடிந்தது. சில படிவங்கள் கோட்டைத் தாண்டின. அவற்றில் தமிழ்ப் பெயர்கள் மட்டும் இருக்கவில்லை. நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும், தம்பி தங்கைகளை வளர்த்த ஒரு சோமாலிப் பையனும் இருந்தார்கள். வீட்டில் செய்வதுதானே என்று அவர்களையும் அந்த வரி அடித்திருந்தது. தமிழருக்கு மட்டும் ஒரு புள்ளி சேர்த்திருந்தால் அவர்கள் இருவரும் வெளியே நின்றிருப்பார்கள். பொறுப்பாளர் காட்டிய அந்தப் பெண்ணும் கோட்டைத் தாண்டினாள். அடுத்த கிழமை நேர்முகத்துக்கு வந்தாள். அவள் முறை வந்தபோது நான் அறையை விட்டு வெளியேறினேன். உள்ளே இருந்தவர்கள் அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

பிறகு ஒருநாள் பொறுப்பாளரிடம் கேட்டேன். "போன ரெண்டு வருசத்துப் படிவங்கள்?"

"ரூல்படி அழிச்சாச்சு டாக்டர். பேருகூட இல்ல." கோப்பு அலுமாரியைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கும் தூக்கம் வரல. நானும் டைப் பண்ணவதானே?"

தேர்வைக் குறைசொல்ல அவர் விடவில்லை. கேட்ட கேள்விக்கு அது ஒழுங்காக அளந்தது என்பார். பயிற்சிக்கு வசதியில்லாத பள்ளிகளுக்கு மாதிரி வினாக்களை அனுப்பவேண்டும் என்று அடுத்த ஆண்டு குழுவிடம் அவரே வாதாடி வென்றார். இனவாரியான விபரங்களை முடிவுகள் போனபிறகு எடுத்து, எந்தத் தலைப்பில் எந்தப் பிள்ளைகள் தொடர்ந்து குறைவாக வாங்குகிறார்கள் என்று பார்ப்பதையும் அவர்தான் தொடங்கினார். "போடும்போது மூடு, போட்டப்புறம் திறந்து பாரு" என்பார். ஒரு பிள்ளையைப் பெயரால் எடைபோடாமலும், அதே நேரம் அநியாயம் நடந்தால் கண்டுபிடிக்கவும் இதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த இலையுதிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை, லண்டனின் வால்தம்ஸ்டோவில் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். கடை வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அந்தப் பெண். இப்போது என் முதலாமாண்டு வகுப்பு மாணவி. கையைப் பிடித்தவர் அவளுடைய தகப்பன்.

"ஐயா, பிள்ளை உங்களைக் காட்டினது. எங்கட ஆள் ஒருத்தர் மேலை இருந்தபடியாத்தான் பிள்ளைக்கு இடம் கிடைச்சது. இதைப் பிடியுங்கோ." இனிப்புக் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிய பெட்டி ஒன்றை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். "இல்லை அண்ணை. நான் இருந்தபடியாத்தான் கிடைக்காமல் போகப் பாத்தது" என்றேன்.

அவர் பெரிதாகச் சிரித்தார். "பெரிய மனுசர் இப்பிடித்தான் சொல்லுவினம்!"

நான் போட்ட ஒரு புள்ளியைச் சொன்னேன். கையேட்டில் ஏறிய வரியைச் சொன்னேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மகளுடைய முகத்தில் சிரிப்பில்லை.

"அப்பா, ஐயா பகிடிக்குச் சொல்லேல்லை" என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "எனக்கு முந்தின வருசங்களிலை விண்ணப்பிச்ச ஆக்கள்?"

"தெரியேல்லை, பிள்ளை. படிவங்கள் இல்லை. ஆரெண்டும் தெரியாது."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது.

தகப்பன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஆர் மாத்தினது?"

"எங்கட ஒபிசிலை ஒரு அம்மா. மலேசியாக்காரர்."

"அப்ப இதை அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ" என்று பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மாணவர் வீட்டிலிருந்து வருவதைத் தனக்கென்று வாங்கக்கூடாது என்று சொல்லி, அங்கேயே பெட்டியைத் திறந்து மேசை மேசையாகக் கொண்டுபோனார். தபால் பிரிப்பவருக்கும் துப்புரவு செய்பவருக்கும் கொடுத்தார். கடைசியில் ஒரு லட்டு மிஞ்சியது. என் கை தானாக நீண்டது.

"உங்களுக்கில்ல டாக்டர்" என்று மூடியைச் சாத்தினார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன்.